மஞ்சளில் சொன்னது

காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் வில்லையில் பச்சை எரிந்தால், அந்த மனிதர் சொல்வது வாக்குமூலம். மஞ்சள் எரிந்தால் வெறும் சத்தம். சட்டத்தில் இவ்வளவு அப்பட்டமாக எழுதியிருக்கவில்லை என்றாலும், நடைமுறை அப்படித்தான் ஆகியிருந்தது.

வில்லை வந்தது நல்ல எண்ணத்தில்தான். "அப்பாவுக்குப் புத்தி தடுமாறிப் போச்சு" என்று பிள்ளைகள் சொல்லிவிட்டாலே போதும், பெரியவர்களைக் கேட்காமல் அவர்கள் வீட்டை விற்கலாம், அவர்களைக் கண்காணாத விடுதியில் கொண்டுபோய் விடலாம் என்றிருந்த காலம் அது. அதைத் தடுப்பதற்காக, எழுபது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் அரசு இந்த வில்லையை ஒட்டியது. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். மூளையின் மின்னலைகளைப் படித்து, அந்த நேரத்தில் மனம் தெளிவாக இருக்கிறதா குழம்பியிருக்கிறதா என்று காட்டும். பச்சை எரியும்போது அவர் எடுத்த முடிவை எந்தப் பிள்ளையாலும் மாற்ற முடியாது. அரசு வைத்த பெயர் 'தெளிவு வில்லை'. வேகமாகச் சொன்னால் 'தெளிவில்லை' என்று காதில் விழுகிறதே என்று ஊரெல்லாம் கேலி பேசினார்கள்.

இலக்கியாவுக்கு அந்தக் கேலி பிடிக்காது. பீளமேட்டில் வில்லையைச் சோதித்துப் பார்த்த பொறியாளர் குழுவில் அவளும் இருந்தாள். எத்தனையோ வேலை பார்த்தும், இது ஒன்றுதான் வெளியில் சொல்லிக்கொள்ளும்படியானது என்று நினைப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சாயிபாபா காலனிக்குப் போவாள். அங்கே தமயந்தி இருந்தார். இலக்கியாவின் முன்னாள் கணவன் கௌசிக்கின் அம்மா. விவாகரத்தாகிப் பல வருடங்கள் கழிந்தும் இலக்கியா அவரை அத்தை என்றுதான் கூப்பிட்டாள். கோர்ட் புருஷனைத்தான் பிரித்தது, அத்தையைப் பற்றித் தீர்ப்பில் ஒரு வரிகூட இல்லை என்பாள். தமயந்தி ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பதை நெருங்கியும் முதுகு வளையவில்லை. மைதானத்தின் அந்தக் கோடிவரை கேட்ட குரல் இன்னும் அப்படியே இருந்தது. காதுதான் சற்று மந்தம். வில்லையில் எப்போதும் பச்சை.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடு பூட்டியிருந்தது. கௌசிக்கைக் கூப்பிட்டாள்.

"அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க. மணிக்கட்டுல எலும்பு விரிசல் விட்டுப்போச்சு. ஆஸ்பத்திரில சேர்த்திருக்கேன்" என்றான்.

"எப்ப?"

"ஆச்சு, ஒரு வாரம்."

"மணிக்கட்டுக்கா ஒரு வாரம்?"

"வயசானவங்க இலக்கியா. டாக்டருங்க பார்த்துக்குவாங்க." இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

மருத்துவமனையின் முதியோர் பகுதிக்கு ஜன்னலே கிடையாது. கூரை விளக்குகள் பகலிரவு பாராமல் எரிந்தன. படுக்கைக்குப் படுக்கை பச்சைத் திரை. ஏதாவது ஒரு இயந்திரம் எங்கேயாவது கூவிக்கொண்டே இருந்தது. தமயந்தியின் வலது கையில் மாவுக்கட்டு. ஊசிக் குழாயைப் பிடுங்கிவிடுகிறார் என்று இடது கையைத் துணிப்பட்டையால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். மூக்குக் கண்ணாடி இல்லை. காதுக் கருவி இல்லை. வில்லையில் மஞ்சள்.

"புள்ளைங்க கிரவுண்டுல நிக்கிறாங்க, வெயில் ஏறுது, போகோணும்" என்றார் தமயந்தி கூரையைப் பார்த்து. அப்புறம் அதே குரலில், "கௌசிக்குதான் கையை முறுக்குனான்" என்றார். மறுபடி, "தண்ணி வருது பாரு, தரையெல்லாம் தண்ணி."

இலக்கியா செவிலியரைக் கூப்பிட்டாள். மீனலோசனி என்று சட்டையில் பெயர் தைத்திருந்தது. சின்ன வயது, அந்தப் பகுதி முழுக்க அவள் ஒருத்திதான் ஓடிக்கொண்டிருந்தாள்.

"இவங்க சொன்னதக் கேட்டீங்களா சிஸ்டர்? கையை முறுக்குனாங்கன்னு சொல்றாங்க."

"டெய்லியும் சொல்றாங்க மேடம். ஆனா மஞ்சளுங்க. மஞ்சள்ல சொல்றதைப் பதியக் கூடாதுன்னு ரூல். இந்த அம்மா தண்ணி வருதுன்னுகூடத்தான் சொல்றாங்க. தண்ணியா வருது?"

அவளைக் குறை சொல்லவும் முடியவில்லை. இலக்கியா தேடிப் பார்த்தாள். கண்ணாடியும் காதுக் கருவியும், தொலைந்துவிடக் கூடாது என்று, அலமாரியில் பத்திரமாகப் பூட்டப்பட்டிருந்தன. கேட்டு வாங்கி மாட்டிவிட்டாள். கைக்கட்டை அவிழ்த்துத் தேய்த்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தாள். இன்றைக்கு ஞாயிறு, இது ஆஸ்பத்திரி, நான் இலக்கியா என்று நிதானமாகத் திரும்பத் திரும்பச் சொன்னாள். வெகுநேரம் கழித்துத் தமயந்தி அவளை உற்றுப் பார்த்தார்.

"வந்துட்டியா அம்மிணி. இந்த வாரம் லேட்டு."

வில்லை பச்சைக்கு மாறியது.

"கை எப்படிங்க அத்தை ஆச்சு?"

"வீட்டை இடிச்சுப்போட்டு பிளாட் கட்டோணும்னான். நான் இருக்கற வரைக்கும் முடியாதுன்னேன். கையைப் புடிச்சு முறுக்கிப்போட்டான்."

இலக்கியா செவிலியரை அழைக்கத் திரும்பினாள். திரைக்கு வெளியே கௌசிக் நின்றுகொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும் தமயந்தியின் மூச்சு இரைத்தது. போர்வையைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி... தண்ணி வருது" என்றார். மஞ்சள்.

கௌசிக் கத்தவில்லை. அலுத்துப்போன குரலில்தான் பேசினான். "பாரு, உன்னால எவ்ளோ டென்ஷனாகறாங்கன்னு. மூணு வாரம் இப்படியே மஞ்சள் இருந்தா என்னைக் காப்பாளரா போடச் சொல்லித் தீர்ப்பாயத்துல மனு குடுத்திருக்கேன். அப்புறம் நல்ல விடுதியா பார்த்துச் சேர்த்துருவேன். நீ இங்க வராதே. உனக்கும் இவங்களுக்கும் இப்ப எந்த உறவும் இல்லை."

மறுநாள் வாசல் காவலர் அவளை உள்ளே விடவில்லை.

அன்றைக்குத்தான் இலக்கியாவுக்குப் புரிந்தது. வீட்டில் வருடக்கணக்கில் பச்சை எரிந்தவருக்கு இங்கே மஞ்சள் எரிகிறது என்றால், மஞ்சளாக்கியது இந்த இடம். கண்ணையும் காதையும் பறித்துக்கொண்டு, தூங்க விடாமல், கையைக் கட்டிப் போட்டால் யார் மனம்தான் தெளிவாக இருக்கும்? ஒருவர் வாயை அடைக்க இனி அவருக்குப் பைத்தியம் என்று பொய் சொல்லத் தேவையில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால் போதும். வில்லையே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடும். அந்தச் சாட்சியைத் தயாரித்த கைகளில் தன் கையும் ஒன்று என்று நினைத்தபோது அவள் முதியோர் தீர்ப்பாயத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

முதியோர் தீர்ப்பாயத்தின் ஆணையர் இம்மானுவேல் ஐம்பது வயதைக் கடந்தவர். தடித்த கண்ணாடி போட்டவர். சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டார் என்று பெயரெடுத்தவர். இலக்கியா சொன்னதை எல்லாம் குறுக்கிடாமல் கேட்டார்.

"வில்லை பொய் சொல்லாதும்மா. நீங்களே சோதிச்சுப் பார்த்த வில்லைதானே" என்றார்.

"பொய் சொல்லலைங்க சார். மனசு குழம்பியிருக்குன்னு காட்டுது. ஏன் குழம்பியிருக்குன்னு அதுக்குத் தெரியாது. இன்னொண்ணும் இருக்குங்க. குழம்பியிருக்கறவங்க சொல்றதெல்லாம் பொய்னு நாங்க எப்பவுமே சொல்லலை. சட்டம் எழுதுனவங்க அப்படி எடுத்துக்கிட்டாங்க."

"எங்கெங்க சோதிச்சீங்க?"

"ஏசி ரூம்ல. காபி குடுத்து, உட்கார வெச்சு. ஆஸ்பத்திரிப் படுக்கையில ஒரு தடவைகூடச் சோதிக்கலை. சோதிச்சிருக்கணும். நல்லா திடமா இருக்கற ஆளைக் கொண்டுபோய் அங்க படுக்க வெச்சாலும் மஞ்சள்தான் எரியும்."

"நிரூபிக்க முடியுமா?"

"நானே படுக்கறேன்."

"நீங்க வழக்குல சம்பந்தப்பட்டவங்க. செல்லாது."

அவர் மேசையிலிருந்த காகித எடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக்கொண்டிருந்தார். மறுத்துவிடுவார் என்றுதான் இலக்கியா நினைத்தாள். சரிபார்க்காத ஒரு கருவியை நம்பி இத்தனை ஆணைகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம் என்ற எண்ணம் அந்த மனிதரை எவ்வளவு உறுத்தும் என்று அவளுக்குத் தெரியாது.

"நேரடி ஆய்வுக்குச் சட்டத்துல இடம் இருக்கு" என்றார் கடைசியில். "ஆய்வு பண்ணுற ஆள் நின்னுக்கிட்டுதான் பண்ணணும்னு எங்கேயும் எழுதலை."

வேறொரு பெயரில், தமயந்திக்குப் பக்கத்துப் படுக்கையில் இம்மானுவேல் சேர்ந்தார். மருத்துவமனைத் தலைவருக்கு மட்டும் விஷயம் தெரியும். பணியிலிருந்த யாருக்கும் தெரியாது. மருந்து எதுவும் கொடுக்கவில்லை. காதுக்குப் பின்னால் வில்லை ஒட்டப்பட்டது. கண்ணாடியை வாங்கி அலமாரியில் வைத்தார்கள். காதில் பஞ்சு. மற்றவர்களை எப்படி நடத்துவார்களோ அப்படியே அவரையும் நடத்தினார்கள். கண்ணயரும்போதெல்லாம் ஊசிக்கோ, ரத்த அழுத்தம் பார்க்கவோ எழுப்பினார்கள்.

உள்ளே போகும்போது பச்சை எரிந்தது. இரண்டாம் நாள் பகலா இரவா என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் மஞ்சள்.

வெளியே வந்து வீட்டில் நன்றாகத் தூங்கி எழுந்ததும் மறுபடி பச்சை. அன்றைக்கே ஓர் இடைக்கால ஆணை போட்டார். விசாரணை முடியும்வரை தமயந்திக்கு அவர் வீட்டிலேயே சிகிச்சை. மருத்துவர் வீட்டுக்கு வருவார், செவிலியர் ஒருவர் கூட இருப்பார். கௌசிக் அந்தத் தெருப்பக்கம் தலைகாட்டக் கூடாது. அங்கே என்ன பார்த்தீர்கள் என்று இலக்கியா கேட்டாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த அன்றைக்குத் தமயந்தி பகலெல்லாம் தூங்கினார். எழுந்ததும் இட்லி கேட்டார். ஜன்னலைத் திறக்கச் சொன்னார். முருங்கைமரத்தில் அணில்கள் அடித்த கூத்தை வெகுநேரம் பார்த்தார். அடுத்த சில நாட்களில் வில்லை பச்சையில் நின்றது. வாசலில் பேப்பர் போடும் பையன் சைக்கிளை ஒழுங்காக நிறுத்தவில்லை என்று அவர் போட்ட சத்தம் பக்கத்துத் தெருவுக்குக் கேட்டபோது, இலக்கியா சமையலறையில் நின்று அழுதாள். சந்தோஷத்தில்தான்.

விசாரணை நாளன்று கூடம் நிறைந்திருந்தது. ஆணையர் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்த கதை எப்படியோ கசிந்திருந்தது. கௌசிக் தன் வழக்கறிஞரோடு முன்வரிசையில் இருந்தான். தமயந்தி மாவுக்கட்டோடு நிமிர்ந்து நடந்து வந்து அமர்ந்தார். காதுக்குப் பின்னால் பச்சை. வீட்டில் நடந்ததைச் சொன்னார். ஆஸ்பத்திரியில் நடந்ததையும் சொல்லத் தொடங்கினார்.

"காலையில டாக்டருங்க ரவுண்ட்ஸ் வருவாங்க. அதுக்கு முன்னால இவன் வந்துருவான். திரையை இழுத்து மூடிப்போட்டு, இந்த ஒடைஞ்ச கையை அமுக்குவான். உசுரு போயிரும். டாக்டர் வரும்போது நான் ஒளறிக்கிட்டுக் கெடப்பேன்."

கௌசிக்கின் வழக்கறிஞர் எழுந்தார். "இந்த அம்மா சொல்லுற நாளெல்லாம் இவங்களுக்கு மஞ்சள் எரிஞ்சிருக்கு. அப்ப பார்த்ததை இப்பப் பச்சையில சொன்னாலும் அது குழம்புன நினைவுதான். கேட்கக் கூடாதுங்க."

"சாட்சி இருக்குதுங்க" என்றார் தமயந்தி.

இம்மானுவேல் தலை நிமிரவில்லை. "யாரும்மா சாட்சி?"

"பக்கத்துப் படுக்கைக்காரர். திரை கொஞ்சம் வெலகியிருந்துச்சு. 'ஏய், அந்தம்மா கையை விடுடா'ன்னு கத்துனாரு. நர்சுப் புள்ளை ஓடியாந்துச்சு. அவருக்கும் மஞ்சள் போல, பாவம். 'நான்தான் ஆணையர், நான் சொல்றேன், போலீசைக் கூப்பிடுங்க'ன்னு வேற கத்துனாருங்க. அந்தப் புள்ளை சிரிச்சுக்கிட்டுப் போயிருச்சு. என்ற கண்ணாடியை மறுபடி பூட்டி வெச்சுட்டதுனால மூஞ்சி தெரியலை. அந்த மனுசனைத் தேடிப் புடிச்சீங்கன்னா அவரே சொல்லுவாரு."

எல்லோருடைய பார்வையும் மெல்ல ஒரே பக்கம் திரும்பியது. இம்மானுவேல் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"தேட வேண்டாம்மா" என்றார். "அது நான்தான்."

தமயந்தி அவரைக் கூர்ந்து பார்த்தார். "அட, ஆமா. அதே குரலு."

"வெளிய வந்த பிறகு, அது நடந்துச்சா நான் கனவு கண்டேனான்னு எனக்கே தெரியலை" என்றார் இம்மானுவேல். எப்போதும் சட்ட வாசகங்களைச் சொல்லும் குரல் இப்போது தடுமாறியது. "மஞ்சள்ல பார்த்தது எதுவும் செல்லாதுன்னு இத்தனை காலம் ஆணை போட்டவன் நான். என் கண்ணையே நான் நம்பலை. இந்தம்மா வாயால கேட்கற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடலை. இதுக்கு மேல இந்த வழக்குல நான் ஆணையர் இல்லை. சாட்சி."

எழுந்து படியிறங்கி வந்து, சாட்சிகள் உட்காரும் பெஞ்சில் அமர்ந்தார்.

வழக்கு வேறொரு ஆணையருக்கு மாறியது. செவிலியர் மீனலோசனி தானாகவே வந்தாள். "ஆமாங்க, அவரு கத்துனாருங்க. நான் சிரிச்சேனுங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று இலக்கியாவே கேட்டுக்கொண்டாள். அத்தனை படுக்கைகளுக்கு ஒருத்தியை விட்டவர்கள் யாரோ அவர்களைக் கேளுங்கள் என்றாள்.

கௌசிக்கின் வழக்கறிஞர் இம்மானுவேலைக் குறுக்கு விசாரணை செய்தார்.

"அந்த நேரத்துல உங்களுக்கு மஞ்சள்தானே சார்?"

"மஞ்சள்தான்."

"அப்ப உங்களை எப்படி நம்பறது?"

"உடனே நம்பச் சொல்லலை. காது குடுத்துக் கேளுங்க, கேட்டுட்டு விசாரிங்க. நான் கத்துனப்ப யாராவது ஒருத்தர் திரையை விலக்கிப் பார்த்திருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

கௌசிக் அதற்குமேல் மறுக்கவில்லை. கடனில்லை, நோயில்லை, பெரிய காரணம் எதுவும் அவனிடம் இல்லை. அம்மா எப்போதும் பெரிய குரலில் பேசுகிறவர், தான் எப்போதும் அதற்கு அடங்கிப் போகிறவன் என்று ஏதோ சொன்னான். முடிக்காமல் நிறுத்தினான்.

தமயந்தி பேச அனுமதி கேட்டார். "வீடு வேணும்னு கேட்டே. நான் இல்லைன்னேன். அதோட முடிஞ்சுது. என்ற கிட்ட இல்லைன்னு சொல்றதுக்கு வாய் இருக்கக் கூடாதுன்னு நெனச்சே பாரு, அதைத்தான் என்னால பொறுக்க முடியலை. நீ நான் பெத்த மகன், ஜெயில்ல வந்து பார்ப்பேன். ஆனா கையைக் குடுக்க மாட்டேன்."

அவன் சிறைக்குப் போனான். தீர்ப்பு அவனோடு நிற்கவில்லை. மஞ்சள் எரியும்போது ஒருவர் சொல்வதையும் கேட்டுப் பதிய வேண்டும், அது என்ன என்று யாராவது போய்ப் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரிப் படுக்கையில் எரிந்த மஞ்சளை வைத்து யாருக்கும் காப்பாளர் உரிமை கிடையாது. வீட்டில் பார்க்கக்கூடிய வைத்தியத்தை முதலில் வீட்டில்தான் பார்க்க வேண்டும். உள்ளே சேர்த்தே ஆகவேண்டும் என்றால் கண்ணாடியும் காதுக் கருவியும் முதல் மருந்து. முதியோர் பகுதிகளில் சுவரை உடைத்து ஜன்னல் வைக்கச் சொன்னார்கள். முன்பு மஞ்சளால் முடிவான வழக்குகளையெல்லாம் மறுபடி திறந்தார்கள். விடுதிகளில் அடைந்து கிடந்த பலர் பெட்டியோடு தங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்கள். அந்த வாரங்களில் ஊரில் எந்த ஆட்டோ ஓட்டுநரிடம் கேட்டாலும் இப்படி ஒரு சவாரிக் கதை இருந்தது.

வேலையை விட்டுவிடலாமா என்றுகூட இலக்கியா யோசித்திருந்தாள். விடவில்லை. இனி வில்லையை ஆஸ்பத்திரிப் படுக்கைகளில் வைத்துச் சோதிக்கும் பொறுப்பைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அப்படி ஒரு காலை, அதே மருத்துவமனைக்குப் போயிருந்தாள். புதிய ஜன்னல் வழியாக வெயில் கட்டில்கள்மேல் விழுந்திருந்தது. ஓர் ஓரத்தில், தனியாக வாழ்ந்து, மயங்கி விழுந்து, யாரோ கொண்டுவந்து சேர்த்த பெரியவர் ஒருவர் படுத்திருந்தார். மஞ்சள். போகிற வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"மணி என்னாச்சு? மணி என்னாச்சு?"

"பத்தரைங்க ஐயா" என்றார் துப்புரவுப் பணியாளர் ஒருவர்.

"மணி என்னாச்சு?"

மீனலோசனி அவர் அருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். முன்பென்றால் அவளும் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போயிருப்பாள். இப்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்த மணிங்க ஐயா?" என்று கேட்டாள்.

பெரியவர் அவளைப் பார்த்தார். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தது போல எழுந்து உட்காரப் பார்த்தார்.

"நாய்ங்க, கறுப்பு" என்றார். "வால்ல மட்டும் வெள்ளை. கொல்லையில கட்டிப்போட்டது. அவுத்துவிட ஆள் இல்லை."

மீனலோசனி அதை அப்படியே பதிந்தாள். இலக்கியா தன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு முகவரி கேட்டாள்.

சுந்தராபுரத்துச் சந்து ஒன்றில், பூட்டிய வீட்டின் பின்னால், காலியான அலுமினியத் தட்டுக்குப் பக்கத்தில் சுருண்டு கிடந்தது அந்த நாய். அவளைப் பார்த்ததும் தலையைத் தூக்கியது. எழ முயன்று, முடியாமல், வாலை மட்டும் தரையில் தட்டியது. வால் நுனி வெள்ளை.